கால் புண்ணும் கட்டுப் போடும் கையும்: வாசகர் கேள்வி – பதில்

கால் நாளங்கள் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்; பேச்சில் பலர் 'நரம்பு' என்பது) சுருண்டு வீங்குவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்குப் பிறகு, திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. நோயைப் பற்றிக் கேட்டவர்களைவிட, அந்த நோயைப் பார்க்கிறவர்களுக்கு அதைச் சரியாகப் பார்க்கக் கற்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டவர்களே அதிகம். நியாயமான கேள்வி என்பதால் இம்மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

அம்மாவுக்கு வயது 62. இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கமாக, மூன்று வருடமாக ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. சீனி வருத்தமும் உண்டு. நாள்தோறும் மருந்து கட்டக் கூட்டிப்போகிறேன். ஒரு மிஸ்ஸி காலை இறுக்கிக் கட்ட வேண்டும் என்றார். அடுத்த கிழமை இருந்த மிஸ்ஸி, சீனி வருத்தக்காரருக்கு இறுக்கிக் கட்டவே கூடாது என்று அவிழ்த்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது, டொக்டர்? – வாசகி, மூதூர்

இருவரும் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதியை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதுதான் உங்கள் அம்மாவின் மூன்று வருடத் துன்பத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ள, நாளத்தின் உள்ளே இருக்கும் வால்வுகள் அது திரும்பி வராமல் தடுக்க, சுகதேகியின் கணுக்காலில் அந்த அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வுகள் பழுதானவருக்கு எவ்வளவு நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை. அந்த ஓயாத அழுத்தத்தால் நீரும் செங்குருதிக் கலங்களும் தோலுக்குள் கசிகின்றன. முதலில் வீக்கம், பிறகு கபிலநிறக் கருமை, பிறகு தோல் பலகைபோல் இறுகுதல், கடைசியில் ஒரு சிறு கீறல்கூட ஆறாத புண்ணாவது என்று அது படிப்படியாக முற்றுகிறது. நீங்கள் எழுதிய இடம், கணுக்காலின் உட்பக்க மேற்புறம், நாளப் புண்ணுக்கே உரிய இடம். அப்படியானால் புண்ணின்மேல் எந்த மருந்தைப் பூசினாலும், கீழிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு எதிராக வெளியிலிருந்து ஓர் அழுத்தம் கொடுக்காதவரை அது ஆறுவது கடினம். கணுக்காலில் 40 மில்லிமீற்றர் அளவுக்கு அழுத்தம் தரும் கட்டுத்தான் இங்கே மருந்து. மேலே வைக்கும் துணி புண்ணை மூடி வைக்கிறது, அவ்வளவே.

ஆனால் சீனி வருத்தம் உள்ளவரின் காலில் நாடிகளும், அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்களும், ஒடுங்கியிருக்கக்கூடும். இரத்தம் குறைவாகவே வந்து சேரும் காலை இறுக்கிக் கட்டினால் விரல்கள் கறுத்து, காலையே இழக்க நேரிடும். இரண்டாவது மிஸ்ஸி பயந்தது அதற்காகத்தான். இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. நோயாளியைச் சிறிது நேரம் படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை, இரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் சிறு டொப்ளர் கருவியால் அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பதே அது. விடை 0.8 முதல் 1.3 வரை இருந்தால் முழு அழுத்தக் கட்டுப் போடலாம். 0.8க்குக் கீழே என்றால் நிபுணரின் மேற்பார்வையில் குறைந்த அழுத்தம் மட்டுமே. 0.5க்குக் கீழே என்றால் கட்டே கூடாது, தாமதமின்றி நாடிகளைப் பார்க்க வேண்டும். சீனி வருத்தக்காரரின் நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் விடை 1.3க்கு மேல் போய், இல்லாத நலத்தை இருப்பதாகக் காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் அளக்க வேண்டும். மொத்தத்தில் அரை மணி நேர வேலை. இதை யாராவது அம்மாவுக்குச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லையென்றால், மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

அடுத்தது, இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அனுப்பும்படியும் கேட்க வேண்டும். பழுதான மேல்நாளத்தை (தோலுக்குச் சற்று அடியில் ஓடும் நாளத்தை) மூடுவதைப் புண் ஆறும் வரை தள்ளிப்போடுவதே முன்பு பொது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் 450 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் அழுத்தக் கட்டு இருக்க, ஒரு பகுதியினருக்கு மட்டும் நாளத்தை உடனேயே மூடினார்கள். அவர்களில் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்குப் புண் ஆறி முடிந்த காலம்) 56 நாள். பிந்தி மூடியவர்களில் 82 நாள். 2004இல் வெளியான இன்னொரு பிரித்தானிய ஆய்வில், கட்டுடன் நாளச் சத்திரசிகிச்சையும் பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் 12 சதவீதத்தினருக்குப் புண் திரும்பியது. கட்டு மட்டும் பெற்றவர்களில் 28 சதவீதத்தினருக்குத் திரும்பியது. நாள்களில் பேச வேண்டிய ஒரு நோயை உங்கள் வீட்டில் வருடங்களில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இன்னும் இரண்டு விடயங்கள். நீர் அதிகம் வடியாத புண்ணுக்கு ஒழுங்காகப் போட்ட அழுத்தக் கட்டை ஒரு கிழமைவரைகூட விட்டுவைக்கலாம். மூதூரிலிருந்து நாள்தோறும் அலைவதும், அதற்காக நீங்கள் இழக்கும் நாட்கூலியும் மிச்சமாகும். மற்றது, இத்தனை காலம் ஆறாத புண்ணின் ஓரம் தடித்து மேலெழுந்திருந்தால் அதில் ஒரு துணுக்கெடுத்துப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். அரிதுதான், ஆனாலும் மூன்று வருடம் என்பது நீண்ட காலம்.

நான் பத்து வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவதை மூத்தவர்களைப் பார்த்துத்தான் பழகினேன். சரியாகத்தான் போடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இதை எப்படிக் கற்பது? – கிண்ணியா

இந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பத்து வருட அனுபவத்துக்குப் பின் "எனக்கே தெரியவில்லை" என்று எழுதக் கூடிய ஒருவரிடம் என் தாயின் காலை நம்பி ஒப்படைப்பேன்.

கட்டின் அழுத்தம் நான்கு விடயங்களில் தங்கியிருக்கிறது. துணியை எவ்வளவு இழுக்கிறோம், எத்தனை அடுக்கு போடுகிறோம் என்பவற்றோடு அது கூடும். காலின் சுற்றளவும் துணியின் அகலமும் கூடக்கூட அது குறையும். இதனால்தான் ஒரே இழுப்பில் சுற்றினாலும் மெலிந்த கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் பருத்த கெண்டைக்காலில் குறைவாகவும் அமைகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்: கீழே அதிகம், மேலே போகப்போகக் குறைவு. ஆனால் இதே விதியால், தசை வற்றிய மூதாட்டியின் முன்னெலும்பு விளிம்பில் அழுத்தம் எல்லை மீறிப் புதுப் புண் உண்டாகவும் கூடும். அந்த விளிம்பிலும் கணுக்கால் எலும்புகளைச் சுற்றியுள்ள குழிகளிலும் பஞ்சு வைத்துக் காலை உருளை வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே சுற்றத் தொடங்க வேண்டும். பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வைத்து, விரல்களின் அடியிலிருந்து ஆரம்பித்து, குதிக்காலை விட்டுவிடாமல் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மறைக்கும்படி முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை போக வேண்டும். மீள்தன்மையுள்ள துணியைப் பொதுவாக அதன் நீட்சியின் பாதியளவே இழுப்பார்கள். ஆனால் துணிக்குத் துணி இது வேறுபடும், உறையில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். முடித்ததும் விரல்களின் நிறத்தைப் பார்த்து, நோவோ விறைப்போ வந்தால் உடனே அவிழ்க்கும்படி நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

இவையெல்லாம் எழுத்தில் எளிது, கையில் எளிதல்ல. நன்றாகக் கட்டுகிறோம் என்று நம்பும் அனுபவசாலிகளின் கட்டுகளையும் அளந்து பார்த்தால் அழுத்தம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கட்டுக்கு அடியில் ஒரு சிறு அழுத்தமானியை வைத்து, கட்டியவர் தன் கண்ணாலேயே எண்ணைப் பார்க்கும்படி பயிற்சி கொடுத்தால் கை விரைவில் திருந்துகிறது. ஆனால் பழக்கம் விட்டுப்போனால் சில மாதங்களில் பழைய வேறுபாடு திரும்பிவிடும். எனவே ஒருநாள் கருத்தரங்கும் சான்றிதழும் போதாது. உங்கள் விடுதியில் ஒரு பொறுப்பாளரைப் பிடித்து, அப்படியொரு கருவி கிடைக்கும் இடத்திலிருந்து இரவல் பெற்றாவது, காலாண்டுக்கு ஒருமுறை ஒருவர் காலில் ஒருவர் கட்டிப் பழகுங்கள். தாதியர் தம்மிடையே இதைச் செய்யும் இடங்களில் கூச்சம் முதல் நாளோடு போய்விடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு கொப்பியும் வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் புண்ணையும் ஒளிபுகும் தாளில் வரைந்து பரப்பைக் குறித்து வையுங்கள். நான்கு கிழமையில் அது தெளிவாகச் சுருங்காவிட்டால் ஏதோ தவறுகிறது: நோயறிதலோ, கட்டோ, நோயாளி வீட்டில் கட்டை அவிழ்த்துவிடுவதோ. நம் வெயிலில் அவிழ்க்காமல் இருப்பது சிரமம் என்பதையும் மறக்க வேண்டாம். திட்டினால் அடுத்த முறை உண்மை சொல்லமாட்டார்கள். 12 கிழமையிலும் 24 கிழமையிலும் எத்தனை புண்கள் ஆறின என்று வருட முடிவில் எண்ணிப் பாருங்கள். எண்ணாத இடத்தில் பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வது வெறும் நம்பிக்கை மட்டுமே.

தனியார் நிலையமொன்றில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இரண்டு காலுக்கும் லேசர் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். நோவோ வீக்கமோ இல்லை, சிலந்தி வலைபோல நீலக் கோடுகள் மட்டும் உண்டு. செய்பவர் தகுதியானவர்தானா என்று எப்படி அறிவது? – வாசகர், உப்புவெளி

பணத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். நாள நோயை ஆறு படிகளாக வகுக்கும் உலகப் பொது முறை ஒன்று 1994இல் ஹவாயில் கூடிய நிபுணர்களால் உருவாக்கப்பட்டு, 2004இலும் 2020இலும் திருத்தப்பட்டது. சிலந்திக் கோடுகள் அதன் முதலாம் படி. ஆறாத புண் ஆறாம் படி. உங்கள் காலில் அந்தக் கோடுகள் மட்டுமே இருந்து உபாதையும் இல்லையென்றால், நீங்கள் கேட்கப்போவது அழகுக்கான சிகிச்சை. அதைச் செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், அவசரம் ஏதுமில்லை.

லேசர் என்பது உள்ளே பழுதான பெருநாளத்தைச் சூட்டால் மூடும் முறை. அதற்கு முன் அந்த நாளம் பழுதுதான் என்று நிரூபிக்க வேண்டும். நோயாளியை நிற்க வைத்து, கெண்டைக்காலை அழுத்தி விட்டு, டொப்ளர் ஸ்கேனில் மேல்நாளத்தில் இரத்தம் அரை வினாடிக்கு மேல் கீழ்நோக்கித் திரும்பினால்தான் வால்வு பழுது என்று கணக்கு. படுக்க வைத்தே ஸ்கேன் முடித்திருந்தால் அந்த அறிக்கையை நம்பி எதையும் மூட வேண்டாம். நல்ல நாளத்தை மூடிவிட்டால் திறக்க முடியாது. நாளை இதயத்துக்கோ காலுக்கோ மாற்றுக்குழாய் தேவைப்பட்டால் எடுக்கும் நாளமும் பெரும்பாலும் அதுவே.

தகுதியைப் பற்றி. நம் நாட்டில் மருத்துவர் ஒருவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிபுணர்களைப் பயிற்றுவித்துச் சான்றளிப்பது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனம். இரண்டையும் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் பட்டம் ஒரு வாசல் மட்டுமே. அமெரிக்காவில் பலதுறை மருத்துவர்களும் நாள சிகிச்சை செய்யத் தொடங்கிய பிறகு, அதற்கெனத் தனித் தேர்வு 2008இல் தொடங்கியது. பின்னர் நாள சிகிச்சை நிலையங்களுக்கே தரச் சான்று வழங்கும் முறையும் வந்தது. செய்பவரின் பயிற்சி, ஸ்கேனின் தரம், விளைவுகளைப் பதிந்து வைத்தல் ஆகியவற்றை அங்கே வெளியாள் வந்து பார்க்கிறார். நம்மிடம் அப்படி வந்து பார்க்க ஒருவர் இல்லாத இடத்தில் நீங்களே கேட்டுவிடுங்கள். ஸ்கேனை யார் செய்தார், நிற்க வைத்தா? இந்தச் சிகிச்சையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு ஆழ்நாளத்தில் இரத்தக் கட்டி வந்தது? மூன்று மாதம் கழித்து யார் என்னைப் பார்ப்பார்? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் பேச்சைத் தொடருங்கள்.

கன்னியா வெந்நீரைக் காலில் ஊற்றினால் நரம்புச் சுருட்டு வற்றும் என்கிறார்களே? அட்டை விடுவது நல்லதா? – தம்பலகாமம்

கன்னியாவின் ஏழு கிணறுகளும் அந்தியேட்டிக் கடமைகளும் நம் மக்களின் வாழ்வோடு கலந்தவை. அங்கே நீராடுவதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெந்நீரின் சூடு நாளத்தை விரிக்கவே செய்யும், சுருக்காது. திறந்த புண்ணில் ஊற்ற வேண்டாம்; காலில் உணர்ச்சி குன்றிய சீனி வருத்தக்காரருக்குச் சுட்டதே தெரியாது. அட்டை சிறிது இரத்தத்தை எடுத்து வீக்கத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கலாம். வால்வு அப்படியேதான் இருக்கும், அட்டையின் குடலில் வாழும் கிருமி புண்ணில் தொற்றவும் கூடும். நம் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அங்கே கற்றவர்களும் நாங்களும் ஒருவர் நோயாளியை ஒருவரிடம் காலத்தோடு அனுப்பும் பழக்கம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் மருத்துவ பீட மாணவன். நாளங்களைப் பற்றி எங்களுக்குக் கற்பிக்கப்படுவது மிகக் குறைவு. நாடிகளும் இதயமும்தான் எல்லாம். இது குறைபாடுதானே? – திருகோணமலை நகர்

ஆம், தம்பி, குறைபாடுதான். உலகெங்கும் அப்படித்தான். ஒரு பெயர் எவ்வளவு தீங்கு செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தொடையின் பெரிய ஆழ்நாளம் ஒன்றுக்கு நீண்ட காலமாக "மேலோட்டத் தொடை நாளம்" என்ற பொருளில் பெயர் வழங்கியது. அதில் இரத்தம் உறைந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்தால், மேல்நாளம்தானே என்று எண்ணி இரத்தம் உறையாத மருந்தைக் கொடுக்காமல் விடுகின்ற மருத்துவர்கள் பலர் இருந்தார்கள் என்பதை 1995இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிக்கொண்டுவந்தது. அந்த இரத்தக் கட்டி நெஞ்சுக்குப் போனால் மரணமும் நேரலாம். 2001இல் கூடிய சர்வதேச அறிஞர்கள் அப்பெயரை நீக்கி, "தொடை நாளம்" என்றே வழங்கும்படி பரிந்துரைத்தார்கள். நம் மொழியிலும் இந்த ஆபத்து உண்டு. பாடநூலில் நாளம் என்று படித்துவிட்டு வெளியே வந்தால் மக்கள் நாளத்தையும் நரம்பையும் "நரம்பு" என்றே சொல்கிறார்கள். "நரம்பு இழுக்குது" என்று ஒரு தாய் சொன்னால் எந்த நரம்பு என்று தொட்டுக் காட்டச் சொல்லாமல் மருந்து எழுதாதீர்கள்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1603இல் இத்தாலியின் பதுவாவில் உடற்கூற்றியல் ஆசிரியர் பப்ரீசியஸ் நாள வால்வுகளை விரிவாக வரைந்து காட்டினார். அவற்றின் வேலையை அவர் உணரவில்லை. அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல், கையைக் கட்டி, புடைத்த நாளத்தை விரலால் வழித்துக் காட்டியே இரத்தம் ஒரே திசையில் போவதை விளக்கினார். இன்று மாலை உங்கள் முன்கையில் அதைச் செய்து பாருங்கள். பிறகு விடுதியில் கால் வீங்கிய ஒருவரை, அவருடைய அனுமதியுடன், எழுந்து நிற்கச் சொல்லி, நீங்கள் தரையில் குந்தி அமர்ந்து, இரு கால்களையும் தொடை முதல் குதி வரை முன்னும் பின்னும் பாருங்கள். கட்டிலில் கிடக்கும் காலில் நாள நோய் மறைந்துகொள்ளும். மாணவர்கள் பெரும்பாலும் கட்டிலருகேதான் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் கற்றேன், தவறவிட்ட நோயாளிகளின் முகங்கள் இன்னும் நினைவிலுண்டு.

கரைவலை இழுக்கும் என் அண்ணாவுக்குக் குளிக்கும்போது காலில் புடைத்த நரம்பு உடைந்து இரத்தம் பீறிட்டது. பயந்து தொடையில் கயிறு கட்டினோம். சரியா? – நிலாவெளி

கயிறு கட்டியது தவறு, ஆனால் பயத்தில் எல்லோரும் செய்வது. தொடையில் கட்டிய கயிறு நாளத்தை அடைத்து நாடியை விட்டுவிட்டால் கசிவு இன்னும் கூடும். இனி அப்படி நேர்ந்தால் அவரை இருந்த இடத்திலேயே படுக்க வையுங்கள்; நிற்கவோ கதிரையில் இருக்கவோ விட வேண்டாம். காலை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, எடுத்தெடுத்துப் பார்க்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே வைத்திருங்கள். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். இரத்தம் நின்ற பிறகும் வீட்டோடு இருந்துவிட வேண்டாம். ஒருமுறை உடைந்த நாளம் மறுமுறையும் உடையும்; தையல் போட்டு அனுப்பினாலும், அந்த நாளத்தை நிரந்தரமாக மூடுவதற்கு எந்தக் கிளினிக்கில், எந்தத் திகதியில் வர வேண்டும் என்று துண்டில் எழுதி வாங்கிக்கொண்டே வீடு திரும்புங்கள்.